ஐந்து வீட்டுச் சாமான்களும் ஒரு வருமானச் சான்றிதழும்

"நவம்பர் 9, புதன். காலையில் போன் வந்தது. ஆர்.ஐ. நாளை வருகிறார். அம்மா திரைச்சீலைகளை ஊறப்போட்டுவிட்டாள். தங்கை மூன்றாம் வீட்டிலிருந்து கடிகாரம் வாங்கிவரப் போயிருக்கிறாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது."

2022ஆம் ஆண்டு நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் சரியான தகவல்.

ஆர்.ஐ. என்றால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வருவாய் ஆய்வாளர். எங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாங்கள் எழுதிக் கொடுத்த அளவுதானா என்று நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். அந்த ஆண்டு செகந்திராபாத்தை அடுத்த தார்நாகா பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எனக்கு எம்.ஏ. வரலாற்றில் இடம் கிடைத்திருந்தது. கிடைத்திருந்தது என்றால் தற்காலிகமாக. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டிவிடும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு இணையத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணை மாதக் கடைசிக்குள் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முழுக் கட்டணத்தையும் நாமே கட்ட வேண்டும். அதுவும் முடியாதென்றால் இடம் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் கேட்டவற்றில் என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், வருமானச் சான்றிதழ்.

அப்பா ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். அப்பா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. சான்றிதழ் வந்தால் எம்.ஏ., வராவிட்டால் டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் அவருடைய பள்ளியிலேயே யு.கே.ஜி. டீச்சர். அந்த வேலை காலியாக இருந்தது. பிரின்சிபாலிடம் பேசியும் வைத்துவிட்டார். எனக்கு யு.கே.ஜி. மேல் எந்தப் பகையும் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் உள்ள ஒருத்திக்கு வரலாறு படிக்க ஒரு வாய்ப்பு வந்து, அது ஒரு தாளுக்காக நின்றுகொண்டிருந்தது.

ரேஷன் கார்டு இருந்திருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது. எங்கள் கார்டு பழைய கூட்டுக் குடும்பத்துக் கார்டு. அப்பா தனிக்குடித்தனம் வந்தபோது அது மௌலா அலியில் இருக்கும் பெரியப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. பெயரைப் பிரித்துத் தனிக் கார்டு வாங்குவதை நல்ல நேரம் பார்த்துச் செய்யலாம் என்று விட்டதில் எனக்குக் கல்லூரி வயதே வந்துவிட்டது. அதனால்தான் நேரடி விசாரணை.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலாரத்தில் ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டினால் ஒரு பழைய பங்களா வரும். முன்பக்கம் பூட்டிக் கிடக்கும். அதன் பின்னால் ஓட்டுக் கூரையோடு வரிசையாக ஐந்து வீடுகள். முதல் வீடு எங்களுடையது. எல்லாமே வாடகை வீடுகள், ஐந்து வீட்டிலும் தமிழ்க் குடும்பங்கள். நாங்களும் மூன்றாம், நான்காம் வீட்டுக்காரர்களும் புராட்டஸ்டண்ட். இரண்டாம் வீட்டு அத்தை கத்தோலிக்கர். ஐந்தாம் வீட்டில் ஓர் இந்துக் குடும்பம். இந்த வரிசை வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை லாயம் என்பது அப்பாவின் கட்சி, வேலைக்காரர் குடியிருப்பு என்பது என் கட்சி. எதுவானாலும் தபால் முகவரியில் இன்றைக்கும் முதலில் வருவது பங்களா எண்தான்.

இந்த வரிசையில் நல்ல பொருள் என்று ஒவ்வொன்றும் ஒன்றுதான் உண்டு. தங்க விளிம்பு போட்ட டீ செட் இரண்டாம் வீட்டு அத்தையுடையது. மணிக்கு மணி இசைத்துவிட்டு அடிக்கிற சுவர்க் கடிகாரம் மூன்றாம் வீட்டில். சிவப்பு சோபா நான்காம் வீட்டில். தரை விரிப்பு ஐந்தாம் வீட்டில். எங்கள் பங்கு, அம்மா பூத்தையல் போட்ட மேசை விரிப்பும் குஷன் உறைகளும். யார் வீட்டுக்காவது முக்கியமான ஆள் வருவதாக இருந்தால் இத்தனையும் முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் வரிசையில் இதற்கு 'சாமான் போடுவது' என்று பெயர். யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தியதில்லை. ஆண்டுக்கொரு தடவை போதகர் வீடு சந்திக்க வரும்போது ஆரம்பித்து, பெண் பார்ப்பது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. போதகர் ஒரே நாளில் மூன்று வீட்டுக்கு வருவார். அவர் எங்கள் வீட்டில் கண்ணை மூடி ஜெபம் செய்கிற நேரத்தில் கழுவிய கப்புகள் பின்வாசல் வழியாக மூன்றாம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மூன்று வீட்டிலும் ஒரே கடிகாரம் அடித்ததைப் பற்றி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வந்தவர் முன்னால் எதையும் இரவல் என்று சொல்லக் கூடாது.

ஆர்.ஐ. வருகிறார் என்றதும் இந்த ஏற்பாடு தானாக ஓடத் தொடங்கியது. அரசாங்க அதிகாரி ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்காரப் போவது எங்கள் வரிசைக்கே முதல் தடவை. சோபாவை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். எதற்காக வருகிறார் என்பதை யோசித்த ஒரே ஆள் இன்டர் இரண்டாம் ஆண்டு, அதாவது பிளஸ் டூ, படித்த என் தங்கை. அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்கும் இந்தியும் கலந்துதான் வரும்.

"கைக்கு மா இதெல்லாம்? மனம் பூர் அனி சூடடானிகே கதா ஆயன ஒஸ்துன்னாரு?" என்றாள் கடிகாரத்தைச் சுமந்தபடி. இதெல்லாம் எதற்கு, நாம் ஏழைகள் என்று பார்க்கத்தானே வருகிறார் என்று கேட்கிறாளாம்.

"ஏழைன்னா? வீட்டுக்கு வாரவங்கள தரையில உக்கார வைக்கணும்னு சட்டம் இருக்கா?" என்றாள் அம்மா.

"சேர் இருக்கு கதா, பிளாஸ்டிக்."

"அதுல ஒண்ணுக்குக் கால் நொண்டி. ஆபீசர் விழுந்து வச்சார்னா உன் அக்காவுக்கு சர்டிபிகேட் வந்த மாதிரிதான். பேசாம ஆணிய அடி."

ஆணி அடித்தது நான்.

மறுநாள் வியாழக்கிழமை, பதினொரு மணி வாக்கில் ஆர்.ஐ. வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், கையில் ஹெல்மெட், தோளில் ஒரு கறுப்புப் பை. முதலில் பங்களாவின் முன் கேட்டில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஓடிப் போய்ப் பின்பக்கம் அழைத்து வந்தார். அதற்குள் அவர் மனத்தில் பங்களா ஏறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

சிவப்பு சோபாவில் இடது ஓரமாக உட்கார்ந்தார். அந்த ஓரத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஆள் ஒரு பக்கமாகப் பள்ளத்தில் இறங்கிவிடுவார். அவரும் இறங்கினார், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தார். அம்மா கோழி கட்லட், கேக், அச்சு முறுக்கு என்று வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். டீ தங்க விளிம்புக் கப்பில் வந்தது. ஆர்.ஐ. தெலுங்கில்தான் பேசினார். தமிழாக்கித் தருகிறேன்.

"சொந்த வீடா?"

"வாடகை சார்" என்றார் அப்பா.

"கடிகாரம் ரொம்ப நல்லா இருக்கு. புதுசா?"

"இல்ல சார். அது ரொம்ப வருஷமா இருக்கு."

இருக்கிறதுதான், மூன்றாம் வீட்டில்.

"இந்தக் கப்பு இங்கே கிடைக்காதே."

"துபாய்ல இருந்து வந்தது" என்றாள் அம்மா. "பெரியக்கா குடுத்தாவ."

பெரியக்கா என்பது இரண்டாம் வீட்டு அத்தையின் அக்கா. வரிசை முழுக்க அவருக்குப் பெயர் பெரியக்காதான். ஆர்.ஐ.க்கு அது எப்படித் தெரியும்? "ஓ, துபாயில் சொந்தக்காரங்க இருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குறித்துக்கொண்டார். அப்போது பயிற்சி விமானம் ஒன்று கூரைக்கு மேலே போனது. போலாரத்தில் விமானம் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அந்த இடைவெளியில் அப்பா ஏதாவது சொல்லித் திருத்துவார் என்று பார்த்தேன். மூன்றாம் வீட்டுக்காரர் சன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அப்பா கேக்கை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அம்மாவும் அப்பாவும் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கிளம்பும்போது ஆர்.ஐ. கைகூப்பி, "ரொம்ப நல்ல குடும்பம்" என்றார். அவர் வண்டி திரும்பிப் போனதும் மீதி கட்லட்டை வைத்து ஐந்து வீடும் கொண்டாடியது.

நவம்பர் 15, செவ்வாய். தங்கை என் போனில் சான்றிதழ் விண்ணப்பத்தின் நிலையைத் தேடிப் பார்த்தாள். நிராகரிக்கப்பட்டது. காரணம்: விசாரணையின்படி குடும்ப வருமானம் வரம்புக்கு மேல்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முப்பது வருஷமா நான் சம்பாதிக்காதத ஒரு டீ செட்டு சம்பாதிச்சிட்டு" என்றார். அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டாள், அழுகிற நிலைக்கே வந்துவிட்டாள். ஆனால் வரம்புக்கு மேல் என்று தங்கை வாசித்த அந்த நொடியில் அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனதை நான் பார்த்தேன். அவள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நானும் அப்பாவும் எம்.ஆர்.ஓ. ஆபீசுக்குப் போனோம். மண்டலத்து வருவாய் அலுவலகத்துக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். ஆர்.ஐ. எங்களை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். அப்பா சம்பளச் சீட்டை மறுபடியும் நீட்டினார்.

"இதை அன்னைக்கே பார்த்தேன் சார்" என்றார் ஆர்.ஐ. "சம்பளச் சீட்டு ஒண்ணு சொல்லுது. வீடு ஒண்ணு சொல்லுது. நான் வீட்டை நம்பினேன். என்னை அனுப்பறதே வீட்டைப் பார்க்கத்தானே?"

இதற்கு அப்பாவிடம் பதில் இருந்தது. ஆனால் வாயில் வரவில்லை. வரிசையின் சட்டம் அலுவலகத்திலும் செல்லும் போலிருக்கிறது. நான்தான் சொன்னேன்.

"சார், அந்தச் சாமான் எதுவும் எங்களுடையது இல்லை. மேசை விரிப்பும் குஷன் உறைகளும் மட்டும்தான் எங்களுடையவை."

ஆர்.ஐ. சிரித்தார். கேலியாக இல்லை, களைப்போடு. "எல்லாரும் சொல்றதுதாம்மா இது. பிரிட்ஜ் மச்சானோடது, பைக் தம்பியோடது, ஏ.சி. வீட்டுக்காரரோடது. இந்த மண்டலத்துல யாருக்குமே சொந்தமா ஒண்ணும் கிடையாது. நான் யாரை நம்பறது?"

"எங்க விஷயத்துல அது நிஜம் சார்."

"இருக்கலாம். மறுவிசாரணை கேட்டு ஒரு மனு கொடு. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரைச் சாட்சியா போடு, போன் நம்பரோட. என்னைக்கு வருவேன்னு இந்தத் தடவை சொல்ல மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். எங்கள் வரிசை கட்டப்பட்ட விதம், இங்கே தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்த கதை, சாமான் போடுகிற வழக்கம் தோன்றி வளர்ந்தது, அதன் விதிகள், விதிவிலக்குகள். நான்கு பக்கம் வந்தது. கடைசியில் அடிக்குறிப்புகளும் இருந்தன. மறுநாள் ஆர்.ஐ. அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது மனுவா, தீசிஸா?"

"எல்லா விவரமும் இருக்கட்டும்னு..."

"நாலு வரி போதும்மா. 'மறுவிசாரணை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்து, தேதி. இதை நீ எம்.ஏ.வுல எழுதிக்கோ."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன். சாட்சிகள் இரண்டாம் வீட்டு அத்தையும் நான்காம் வீட்டுக்காரரும். என்னுடைய நான்கு பக்கத்தையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அப்பா ஒரு மாலையில் பள்ளியிலிருந்து யு.கே.ஜி. பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, என் மேசையில் வைத்தார். அதில் டிசம்பர் மாதத்துக்குப் பழங்கள், காய்கறிகள், நம் உதவியாளர்கள் என்று போட்டிருந்தது. தங்கை அதை எடுத்துப் படித்துவிட்டு, பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது சம்பளத்தில் சேருமா என்று விசாரித்தாள். பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டிருந்தன. பேருந்தில் செகந்திராபாத் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் தார்நாகா போய், வருகைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதப்பட்ட என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு வந்தேன். மற்றவர்கள் பெயர் மையில் இருந்தது.

வீட்டில் இப்போது வேறு வாதம். இந்தத் தடவை எங்கள் வீட்டு பிரிட்ஜை மூன்றாம் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றாள் தங்கை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன தடவ இல்லாதத இருக்குன்னு காட்டினோம். இந்தத் தடவ இருக்கத இல்லன்னு காட்டணுமா? ரெண்டும் ஒண்ணுதாண்டி."

"மம்மி, போன தடவ நான் சொன்னேன். வின்னாவா நுவ்வு?"

"கேட்டேன், கேட்டேன். நீ சொன்னா கேக்கணும்னு இனிமே எழுதி ஒட்டி வைக்கேன்."

இரண்டாம் வீட்டு அத்தை இந்த நேரத்தில் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஷிப்ட் வேலையில் இருந்தான். வரிசையில் என்ன நடந்தாலும் அத்தைக்குக் கேட்டுவிடும். சுவர்கள் அப்படி.

"நக்கோம்மா, ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார். "பிரிட்ஜ் இருக்கட்டும். நீங்க பாட்டுக்குச் சும்மா இருங்க. பிபி ஏத்திக்கிட்டா கவர்மென்ட் மாத்திரை குடுக்குமா?"

நவம்பர் 22, செவ்வாய். எனக்கு அன்று வகுப்பு இல்லை. காலையில் அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மகனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வருகிறதாம். சாயங்காலம் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்களாம். சாமான் போட வேண்டும்.

"திடீர்னு சொல்லுதியளே அக்கா" என்றாள் அம்மா.

"அவங்க நேத்து ராத்திரிதான் போன் பண்ணாங்க. உன் மேஜை விரிப்பு, குஷன் உறை எல்லாம் குடு. அந்த ரெண்டு பூச்சாடியும்."

எங்கள் வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று. சோபாவை நான்காம் வீட்டிலிருந்து தூக்கும்போது அப்பாவும் ஒரு கை கொடுத்தார். ஏதோ வேலை இருக்கிறது என்று அன்று விடுப்பு எடுத்திருந்தார். என்ன வேலை என்று குறிப்பில் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் ஆர்.ஐ. வந்து நின்றார்.

அம்மா தன் வாழ்நாளில் அப்படி ஒரு வரவேற்பைக் கொடுத்திருக்க மாட்டாள். கால் நொண்டாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. எவர்சில்வர் டம்ளரில் டீ. கடிக்க ஒன்றுமே இல்லை. தையல் மெஷின் மேல் பாதி தைத்த ரவிக்கை. ஆர்.ஐ. அறையைச் சுற்றிப் பார்த்தார், பிறகு சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்தார்.

"கடிகாரம் இருந்துச்சே?"

"இப்ப பக்கத்து வீட்டுல இருக்கு சார்" என்றேன்.

"சோபா?"

"அதுவும் அங்கேதான்."

அவர் முகத்தில் இருந்ததைச் சந்தேகம் என்றுதான் எழுத வேண்டும். நான் வருகிறேன் என்று தெரிந்து எல்லாவற்றையும் ஒளித்துவிட்டீர்களா என்று கேட்காமல் கேட்டார். சாட்சி வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று எழுந்தார். அப்பாவும் நானும் அவரோடு இரண்டாம் வீட்டுக்குப் போனோம். பத்தடி தூரத்தில் என் எம்.ஏ. போகிறதா வருகிறதா என்று தெரியாமல் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அத்தை வாசலுக்கு வந்து கைகூப்பினார். உள்ளே தரை விரிப்பு, சிவப்பு சோபா, எங்கள் குஷன்கள், எங்கள் மேசை விரிப்பு. சுவரில் கடிகாரம். ஆர்.ஐ. எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். உட்காரப் போனவர் சோபாவின் இடது ஓரத்தைத் தவிர்த்து, தானாகவே வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. கைப்பிடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அத்தை தங்க விளிம்புக் கப்பில் டீ கொண்டுவந்தார்.

"இந்தக் கப்பை எனக்குத் தெரியும்" என்றார் ஆர்.ஐ.

"ஹவ் சார், ஆமா. நீங்க குடிச்ச கப்புதான். கழுவிட்டேன்."

"துபாய் அக்கா?"

"என் கூடப் பிறந்த அக்கா. லைன்ல எல்லாருக்கும் பெரியக்கா. ஆனா பணம் எனக்கும் அனுப்ப மாட்டா சார், கப்பு மட்டும்தான் அனுப்புவா."

"கடிகாரம்?"

"மூணாம் வீடு."

"இந்த சோபா?"

"நாலாம் வீடு. லெப்ட் சைடு ஸ்பிரிங் போச்சு. சொல்லணும்னு நெனச்சேன், நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க."

ஆர்.ஐ. கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார். "அப்போ இந்த வரிசையில யார் வருமானச் சான்று கேட்டாலும் நான் இதே சோபாவுலதான் உட்காரணும்?"

"வேற சோபா இல்லையே சார்" என்றார் அத்தை. "உங்க வீட்டுக்கு நாளைக்குக் கலெக்டர் வராருன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "எதிர் வீட்டு நாற்காலி வாங்கிப் போடுவேன். எங்க வீட்டு நாற்காலி சத்தம் போடும்."

"அவ்ளோதான் சார் இவங்களும் பண்ணாங்க."

அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார். வந்தவங்க முன்னால சொல்லக் கூச்சமா இருந்தது."

"பரவாலேது" என்றார் ஆர்.ஐ., பரவாயில்லை என்று கையை அசைத்து. பையிலிருந்து தாளை எடுத்து அத்தையின் வாக்குமூலத்தை எழுதி, தெலுங்கில் வாசித்துக் காட்டினார். மேற்படி பொருட்கள் ஐந்து வீட்டாருக்கும் பொதுவானவை என்ற இடத்தில் அத்தை நிறுத்தினார்.

"பொது இல்ல சார். கப்பு என்னுது. இப்படி எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு எவனாவது பாகம் கேப்பான்."

ஆர்.ஐ. அடித்துவிட்டு, அவரவர் பொருட்கள், தேவைக்கு இரவலாகக் கொடுத்து வாங்கப்படுபவை என்று திருத்தினார். அத்தை கண்ணாடி போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். நான்காம் வீட்டுக்காரரிடமும் சோபாவைப் பற்றி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். தன் சோபாவுக்கு அரசாங்க ஆவணத்தில் இடம் கிடைத்ததில் அவருக்குப் பரம திருப்தி.

வெள்ளிக்கிழமை, 25ஆம் தேதி சான்றிதழ் வந்தது. அன்று மாலையே தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்க்க, விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன். 28, திங்கட்கிழமை துறை அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மையார் பதிவேட்டை எடுத்து, பென்சிலில் இருந்த என் பெயரை அழித்து, மையால் எழுதினார். அதை முழுவதும் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். யு.கே.ஜி. வேலைக்கு வேறொரு பெண் சேர்ந்தாள். அப்பா பாடத்திட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். எம்.ஏ.வை 2024இல் முடித்தேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது ஒரு விவரத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நவம்பர் 22 மாலை அத்தை வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்தார்களா? என் நாட்குறிப்பில் அன்றைக்கு ஆர்.ஐ. வந்ததும் சோபாவும் கப்பும்தான் இருக்கின்றன, மாலையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆர்.ஐ. தான் வரும் நாளைச் சாட்சிகளுக்கு மட்டும் முன்கூட்டிப் போனில் சொன்னாரா என்று நான்காம் வீட்டுக்காரரைக் கேட்டேன். தனக்கு வரவில்லை, மற்றவர்களைப் பற்றித் தெரியாது என்றார். அத்தையின் மகனுக்கு அடுத்த ஆண்டு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. அன்று தனக்கு மாலை ஷிப்ட் என்றும், தன்னைப் பார்க்க யாராவது வருவதாக அம்மா சொல்லவில்லை என்றும் அவன் சொல்கிறான். ஆனால் அது அந்தச் செவ்வாய்தானா என்று அவனுக்கு உறுதியில்லை. அன்று இரவு அத்தைக்குக் கப்புகளைக் கழுவ உதவிய என் அம்மா, நிறையக் கப்பு இருந்தது என்கிறாள். எத்தனை என்று கேட்டால் யாராவது எண்ணிக்கொண்டா கழுவுவார்கள் என்கிறாள். அத்தையை நேராகவே கேட்டேன்.

"வந்தாங்க" என்றார். "பொண்ணு உயரம் பத்தல."

எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். ஆகவே, 2022 நவம்பர் 22 மாலை பெண் வீட்டார் வந்தார்கள் என்பதற்கு அத்தையின் சொல்லைத் தவிர இதுவரை வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. உறுதி செய்யப்படாத தகவலாகவே பதிவு செய்கிறேன்.